வேலையிடப் பயிற்சியுடன் பொருளியல் முதுநிலைப் பட்டம்: சிங்கப்பூரிலிருந்து விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

பொருளியல் முதுநிலைப் படிப்புகளின் அறிமுகக் கையேடுகளில் ‘வேலையிடப் பயிற்சிக்கு வாய்ப்பு உண்டு’ என்ற வரியை அடிக்கடி காணலாம். அந்த வரியை நம்பி விண்ணப்பிப்பதற்கு முன், அது எந்தப் பொருளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சில படிப்புகளில் பயிற்சி ஒரு பாடமாகவே மதிப்பிடப்பட்டு, பட்டத்துக்கான கிரெடிட்டில் சேரும். சிலவற்றில் அது விடுமுறையில் மாணவர் தாமே தேடிக்கொள்ளும் வேலை மட்டுமே. பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அலுவலகம் தன்விவரக் குறிப்பைத் திருத்திக் கொடுப்பதோடு நின்றுவிடும். மூன்றாவது வகை பிரிட்டனில் அதிகம் உள்ளது: 12 மாதப் படிப்பு, பயிற்சியையும் சேர்த்து 24 மாதம் வரை நீளும்.

ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கு மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்து மூலமான பதிலைப் பெறுங்கள். பயிற்சியிடத்தைத் தேடித் தருபவர் யார்? அது மதிப்பெண்ணில் சேருமா? இடம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். எனக்கு அதுவே மிக முக்கியமாகப் படுகிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இடம் தேடும் பொறுப்பு மாணவருடையது. கிடைக்காதவர் பயிற்சியில்லாத சாதாரணப் படிப்புக்கு மாற்றப்படுவார். படிப்புக்காலம் குறையும்போது விசாவின் காலமும் குறையலாம் என்பதை வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போரும் இத்தகைய நீண்ட படிப்புக்கு மாணவர் விசா பெற்றாக வேண்டும். அந்த விசாவில் பட்டப்படிப்பு மாணவர் பாடத்தவணையின்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. படிப்பின் மதிப்பிடப்படும் பகுதியாக அமைந்த பயிற்சிக்கு அந்த வரம்பு இல்லை.

உள்ளூரில் படிக்க விரும்புவோர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றின் பொருளியல் துறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கு நாட்காட்டியே பெரிய தடை. கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. ஏறத்தாழ ஓராண்டில் முடியும் படிப்பில், முழுநேரப் பயிற்சிக்கு ஏற்ற இடைவெளி மே மாதத்திலிருந்து ஜூலை வரைதான் கிடைக்கிறது. அந்த இடங்களுக்கான தேர்வு அதற்குப் பல மாதங்கள் முன்பே நடந்துவிடும் என்பதால், முதல் தவணைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பக் கடிதங்களை அனுப்பத் தொடங்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து மாணவர் அனுமதி அட்டையில் வந்து படிப்போர், தங்கள் கல்வி நிலையம் மனிதவள அமைச்சின் விலக்குப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள நிலையத்தின் முழுநேர மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை தனி வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம். பகுதிநேரமாகப் படிப்போருக்கு, தங்கள் அலுவலகத்தின் ஒரு சிக்கலையே ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்ள அனுமதி பெறுவது பெரும்பாலும் பயிற்சியைவிட நல்ல பலன் தரும்.

இனி, பலர் கடைசியில் நினைத்துப் பார்க்கும் கணிதத்துக்கு வருவோம். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல் முறைகளால் பொருளியல் தரவை ஆராயும் எகனாமெட்ரிக்ஸ் என்ற மூன்றும் எந்த நல்ல முதுநிலைப் படிப்பிலும் அடித்தளமாக இருக்கும்; அவற்றின் மொழி கணிதம். நான் இளநிலையில் வணிகம் படித்துவிட்டு இத்துறைக்கு வந்தவன். முதல் எகனாமெட்ரிக்ஸ் விரிவுரையில் பேராசிரியர் ரெக்ரஷனை (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் முறையை) அணிகளின் வடிவில் கரும்பலகையில் எழுதியபோது, மூன்றாவது வரிக்கு மேல் என்னால் பின்தொடர முடியவில்லை. அந்தத் தவணை முழுவதும் பாடத்தைத் துரத்திப் பிடிப்பதிலேயே கழிந்ததால், பயிற்சியிடம் தேட வேண்டிய மாதங்களை இழந்தேன். படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றைக் கையால் கணக்குப் போட்டுப் பழகுங்கள். காணொளி பார்ப்பது மட்டும் போதாது. முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு கேட்கும் படிப்பானால், அதன் கணிதப் பகுதிக்கான தயாரிப்பை இந்தப் பயிற்சியோடு சேர்த்துக்கொள்ளலாம். அதன் மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் மதிப்பெண் இரண்டே ஆண்டுகள் செல்லும். தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படும் ஸ்டேட்டா, ஆர், பைத்தான் ஆகிய கணினிக் கருவிகளில் ஒன்றையாவது தவணை தொடங்கும் முன் கற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சியிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண் பட்டியலோடு நீங்களே எழுதிய இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பு ஒன்றை இணைத்தால் அதன் எடை வேறு. அதற்கான மூலப்பொருள் இந்த ஊரிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மாதந்தோறும் வெளியாகும் எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு 2023இல் ஜனவரி 22 அன்றும், 2024இல் பிப்ரவரி 10 அன்றும், 2025இல் ஜனவரி 29 அன்றும் வந்தது. ஆகவே ஒரு ஜனவரியை முந்தைய ஆண்டின் ஜனவரியோடு நேரடியாக ஒப்பிட்டால், விடுமுறை நாட்களின் இடப்பெயர்ச்சியே ஏற்றுமதி உயர்ந்ததாகவோ சரிந்ததாகவோ தோன்றச் செய்யும். ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களையும் சேர்த்துப் பார்த்து, பருவகால விளைவை நீக்கி, மின்னணுப் பொருள்களின் பங்கைத் தனியே பிரித்து, நீங்கள் கண்டதை எளிய நடையில் எழுதினால், உங்களுக்குத் தரவு கையாளத் தெரியும் என்பதை எவருக்கும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. நேர்காணலில் சிங்கப்பூரின் நாணயக் கொள்கை பற்றிய கேள்வியையும் எதிர்பாருங்கள். 1981 முதல் இங்கு அக்கொள்கை வட்டி விகிதத்தின் வழியாக அல்லாமல், சிங்கப்பூர் வெள்ளியின் நாணய மாற்று விகிதத்தின் வழியாகவே நடத்தப்படுகிறது. இறக்குமதியை இவ்வளவு சார்ந்திருக்கும் சிறிய பொருளியலுக்கு அது ஏன் பொருந்துகிறது என்பதை இரண்டு நிமிடத்தில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

‘பொருளியல் படித்து எங்கே வேலைக்குப் போவாய்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயமே. அதிபர் தர்மன் சண்முகரத்னம் பொருளியல் படித்து, நாட்டின் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் பணியைத் தொடங்கியவர் என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும். நாணய ஆணையம், வர்த்தக தொழில் அமைச்சு, புள்ளிவிவரத் துறை, டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி வங்கிகளின் ஆய்வுப் பிரிவுகள், ஆசியான் நாடுகளோடு சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்றின் பேரினப் பொருளியலையும் கண்காணிக்கும் ஆம்ரோ அமைப்பு ஆகியவை பொருளியலாளர்கள் பணியாற்றும் இடங்கள். போட்டிச் சட்டம், எரிசக்தி, போக்குவரத்து ஆகியவற்றைக் கையாளும் ஆணையங்களையும் மறக்க வேண்டாம். எல்லாரும் வங்கிகளையே நோக்கி ஓடுவதால் அவை கண்ணில் படாமல் போகின்றன. அரசாங்கப் பயிற்சியிடங்களுக்கு விண்ணப்பிக்கும் முன் குடியுரிமை நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பாடவழி முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் இல்லை. மத்திய சேம நிதியின் கல்விக் கடனும் முதுநிலைப் படிப்புக்குப் பயன்படாது. பயிற்சிக்காலப் படித்தொகையை நம்பிக் கட்டணத்தைத் திட்டமிட வேண்டாம்.

பயிற்சி ஒப்பந்தம் கையில் வந்ததும், உங்களை மேற்பார்க்கப் போகிறவர் யார், நீங்கள் விடை தேடப் போகும் கேள்வி எது என்ற இரண்டையும் கேளுங்கள். நான் இவற்றைக் கேட்காமல் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். இரண்டு மாதங்கள் பிறருடைய வரைபடங்களை விளக்கப் படங்களில் ஒட்டிக்கொண்டிருந்தேன். தரவைத் துப்புரவு செய்யும் சலிப்பான வேலை அப்படிப்பட்டதன்று, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒரு பொருளின் சுங்கக் குறியீடு நடுவில் மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பவரிடம்தான் அடுத்த முறை பகுப்பாய்வை ஒப்படைப்பார்கள். அந்தத் தரவை ஆய்வேட்டில் பயன்படுத்த நினைத்தால், எந்த அட்டவணைகள், எந்தக் காலத்துக்கு, எந்த வடிவில் வெளியிடலாம் என்பதைக் குறிப்பிடும் எழுத்து மூலமான அனுமதியைப் பயிற்சி முடிவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் பெற்று, அதன் நகலை உங்கள் ஆய்வு வழிகாட்டியிடமும் கொடுத்துவிடுங்கள். வெளியேறிய பிறகு கேட்டால், அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை.