ரெண்டு துண்டு செலோரேப்பும் ஓர் அணுக் கணக்கும்

தேவையானவை: செலோரேப், பேனை, வழவழப்பான மேசை, ஏசி போட்ட அறை. ஏசி எதற்கு? வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு தரம் செய்து பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. கடற்காற்றின் ஈரம் ரேப்பில் படிந்து ஏற்றத்தை (மின்னேற்றத்தை, தமிழ்நாட்டில் மின்னூட்டம்) கசியவிட்டுவிடும். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும்.

1. ஒரு சாண் ரேப்பை மேசையில் ஒட்டி, நுனியைப் பிடிப்பதற்கு மடித்து, "கீ" என்று எழுதுங்கள். அதன்மேல் இன்னொன்றை ஒட்டி "மே" என்று எழுதுங்கள்.

2. இரண்டையும் சேர்த்தே மெதுவாக உரித்து, ஒட்டாத பக்கத்தை விரலால் ஒருதரம் தடவுங்கள். மேசையிலிருந்து வந்த ஏற்றம் போய்விடும்.

3. இப்போது வெடுக்கென்று பிரித்துக் கிட்டக் கொண்டுவாருங்கள். ஒன்றையொன்று இழுக்கும்.

4. இதேபோல இன்னொரு சோடி செய்து, இரண்டு "மே"களையும் நெருக்குங்கள். விலகி ஓடும்.

ஆக, ஏற்றத்தில் இரண்டு வகை: நேர் (+), மறை (−). பிரித்தபோது ஒரு ரேப்பிலிருந்து மற்றதற்கு மறை ஏற்றம் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது.

5. இனி அணுவுக்குள். அதன் நடுவே உள்ள கருவில் இருக்கும் புரோத்தனின் ஏற்றம் +1.602 × 10⁻¹⁹ கூலோம் (ஏற்றத்தை அளக்கும் அலகு). வெளியே இருக்கும் இலத்திரனுக்கு அதே அளவு, ஆனால் மறை. புரோத்தன் இலத்திரனைப்போல் சுமார் 1836 மடங்கு திணிவானது, ஏற்றமோ இம்மியும் பிசகாமல் சமன். எனக்கு இன்றுவரை வியப்பு இதில்தான். நியூத்திரனுக்கு ஏற்றம் 0. மின்புலத்தில் வளையாத அதைப் பிடிப்பது லேசாக இருக்கவில்லை: தொம்சன் இலத்திரனைக் கண்டது 1897இல், சட்விக் நியூத்திரனைக் கண்டது 1932இல். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: புரோட்டான், எலக்ட்ரான், நியூட்ரான்.)

6. கணக்கு: ஒரு புரோத்தனின் ஏற்றத்தை +1 என்றும் ஓர் இலத்திரனின் ஏற்றத்தை −1 என்றும் வைத்து, புரோத்தன் எண்ணிக்கையிலிருந்து இலத்திரன் எண்ணிக்கையைக் கழியுங்கள், வருவதுதான் அணுவின் ஏற்றம். சோடியத்தில் 11 − 11 = 0, நடுநிலை.

7. சாதாரண தரப் பிள்ளைகள் சறுக்கும் இடம் இது. சோடியம் ஓர் இலத்திரனை இழந்தால்? "இழந்தது, அதனால் மறை" என்பார்கள். இலத்திரனைக் கடைக்காரரின் கொப்பியில் உள்ள கடன் என்று நினையுங்கள். கடன் ஒன்று கழிந்தால் உங்கள் கணக்கு ஏறுமா, இறங்குமா? 11 − 10 = +1. அந்த இலத்திரனை வாங்கும் குளோரின் 17 − 18 = −1. உப்புக்குள் இந்த இரண்டும்தான் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, உங்கள் ரேப் துண்டுகளைப்போல. இந்தக் குழப்பத்துக்குப் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. நேர், மறை என்று பெஞ்சமின் பிராங்கிளின் 18ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தபோது இலத்திரன் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

8. நீங்களே செய்யுங்கள்: ஒரு மகனீசியம் அயனில் (இலத்திரனை இழந்தோ வாங்கியோ ஏற்றம் பெற்ற அணுதான் அயன்) 12 புரோத்தன், 12 நியூத்திரன், 10 இலத்திரன். ஏற்றம் என்ன? +14 என்று வந்தால் நியூத்திரனையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள், ஐந்தாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.