டெக்சாஸில் முதல் காட்டுப்பன்றி வேட்டை: விசாவில் இருப்பவர்கள் கிளம்பும் முன்

டெக்சாஸுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சில மாதம் ஆனதும், கூட வேலை பார்க்கும் யாராவது ஒருவர் "சனிக்கிழமை பன்றி சுடப் போறோம், வர்றியா?" என்று கேட்பார். "பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம்" என்றும் சேர்த்துச் சொல்வார். அவர் சொல்வது சரிதான். 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி வேட்டையாடுபவரிடம் டெக்சாஸ் மாநிலம் வேட்டை லைசென்ஸ் கேட்பதில்லை. பருவம் பார்க்க வேண்டியதில்லை, இத்தனைதான் சுடலாம் என்ற கணக்கும் இல்லை, ராத்திரியிலும் சுடலாம். ஆனால் அவர் இந்த நாட்டுக் குடிமகன். எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் வந்திருக்கும் நமக்கு அந்தப் பதில் பாதிதான்.

மீதிப் பாதி மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டத்தில் இருக்கிறது. நிரந்தரக் குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. சில விதிவிலக்குகள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பது ஒன்றுதான்: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் அல்லது பர்மிட் கையில் இருக்க வேண்டும். ஆகவே மாநிலம் கேட்காத அந்தக் காகிதத்தை நாம் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும்.

"நான் துப்பாக்கி வாங்கப் போவதில்லையே, நண்பருடையதைத்தானே சுடப் போகிறேன்" என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் பேசுவது வாங்குவதைப் பற்றி மட்டும் அல்ல, வைத்திருப்பதைப் பற்றி. ராஞ்சில், அதாவது பெரிய பண்ணை நிலத்தில், ஒருவர் நீட்டும் ரைஃபிளைக் கையில் வாங்கிக் குறிபார்ப்பதும் அதில் அடங்கும். ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை எடுப்பதும் அப்படித்தான். எச்-4, எஃப்-2 விசாவில் இருக்கும் கணவன் மனைவிக்கும் இதே விதி. உங்கள் லைசென்ஸ் அவர்களுக்கு ஒட்டாது. துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் அது நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அந்தஸ்து மாறிக்கொண்டிருக்கும் நடுக்கட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேட்டைத் தோழர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது.

லைசென்ஸ் எடுப்பது சிரமமே இல்லை. மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் வாங்கலாம். வால்மார்ட்டின் விளையாட்டுப் பொருள் பகுதியிலும் கிடைக்கும். விலைதான் ஆளுக்கு ஆள் மாறும். டெக்சாஸில் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் உள்ளூர்க்காரர் கணக்கு, 25 டாலர். அதற்குக் குறைவு என்றால் வெளிமாநிலத்தவர் கணக்கு, 315 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 5 நாள் லைசென்ஸ் ஒன்றும் 48 டாலருக்கு உண்டு. அந்த ஐந்து நாள் முடிந்தால் அதன் பாதுகாப்பும் முடிந்தது, பயிற்சிக்குக்கூடத் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இப்போதுதான் வந்திறங்கினீர்கள், அவசரமும் இல்லை என்றால் ஆறு மாதம் பொறுப்பதே புத்திசாலித்தனம். ஆண்டு லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். ஜூலையில் வாங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கூடவே வேட்டைக்காரர் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் டெக்சாஸில் லைசென்ஸோடு வேட்டையாட இந்தப் பயிற்சி வேண்டும். 17 வயது தாண்டியவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். துப்பாக்கியைச் சினிமாவில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வெறும் சடங்கு அல்ல. குழாயின் வாயை யார் பக்கமும் திருப்பாமல் இருப்பது, சுடும் வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, இவை கைக்குப் பழக நாளாகும். ராஞ்சுக்குப் போகும் முன் ஒரு தடவையாவது ரேஞ்சில், நீங்கள் சுடப்போகும் அதே வகை ரைஃபிளில் பழகிவிட்டுப் போங்கள்.

துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களுக்கு வில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தின் கணக்கில் வில்லோ, விசை வைத்த வில்லான கிராஸ்போவோ துப்பாக்கி ஆகாது. ஆனால் அம்பு எய்ய மிக நெருங்க வேண்டும். முதல் வேட்டைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. டெக்சாஸில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தனியார் நிலம். பொது நிலங்களும் உண்டு. அங்கே லைசென்ஸ் கட்டாயம். அதன் மேல் 48 டாலருக்கு ஆண்டுப் பொது வேட்டை பர்மிட் வாங்க வேண்டும், பளீரென்ற ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் போட வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள தனி விதிகளையும் படிக்க வேண்டும். முதல் தடவைக்கு இவ்வளவு தலைவலி தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் ராஞ்சு ஒன்றைப் பிடியுங்கள். ஹெலிகாப்டரில் இருந்து சுடுவதுகூட இங்கே சட்டப்படி செல்லும். விளம்பரம் கண்ணைப் பறிக்கும். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

முன்பணம் கட்டும் முன் ராஞ்சுக்காரரிடம் ஃபோனிலேயே கேளுங்கள். பன்றி கிடைக்காவிட்டாலும் முழுக் கட்டணமா? காயப்பட்டு ஓடிப்போனால் அதற்கும் காசா? எடைக்கு ஏற்பக் கட்டணம் கூடுமா? ரைஃபிள் வாடகைக்கு உண்டா? தோலுரித்து வெட்டித் தருவது கட்டணத்தில் சேர்ந்ததா? வழிகாட்டி கூடவே உட்காருவாரா, இல்லை இறக்கிவிட்டுப் போய்விடுவாரா? கடைசிக் கேள்விக்கு "போய்விடுவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். வழிகாட்டிக்கு டிப்ஸ் தனி. அது இங்கே எழுதாத விதி.

நண்பரின் உறவினர் நிலத்துக்குப் போவதாக இருந்தால் உரிமையாளரிடம் நீங்களே ஒருமுறை பேசிவிடுங்கள், எல்லை எதுவரை என்றும் கேளுங்கள். மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறப் பெயின்டில் செங்குத்தாக ஒரு பட்டை தெரிந்தால் அது அலங்காரம் இல்லை. அதைத் தாண்டி உள்ளே வராதே என்பதற்கு இந்த மாநிலத்தில் சட்டப்படியான அறிவிப்பு அது. பலகை எதுவும் இருக்காது. அடிபட்ட பன்றி அந்த வேலிக்குள் புகுந்துவிட்டாலும், பக்கத்து நிலத்துக்காரர் சம்மதிக்காமல் பின்தொடரக் கூடாது.

டெக்சாஸ் விதியை மற்ற மாநிலங்களுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கன்சாஸில் பொழுதுபோக்காகப் பன்றி வேட்டையாடுவதற்கே தடை. கலிஃபோர்னியாவில் லைசென்ஸும் வேண்டும், ஈயம் இல்லாத தோட்டாவும் வேண்டும்.

இனி பன்றி. இது இந்த மண்ணின் விலங்கு அல்ல. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகளின் வழி, பின்னாளில் வேட்டைக்கென்று இறக்கப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியோடு கலந்து பெருகியது. ஒரே ராத்திரியில் சோளக்காட்டை உழுதுபோட்டுவிடும் என்பதால்தான் விவசாயிகளும் அரசும் இதற்குக் கருணை காட்டுவதில்லை.

தெற்கு, மேற்கு டெக்சாஸில் ஹாவலீனா என்று ஒன்று திரியும். பார்த்தால் சின்னப் பன்றி போலவே இருக்கும், ஆனால் பன்றிக் குடும்பமே இல்லை. அதற்கு லைசென்ஸ், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் உண்டு. கழுத்தைச் சுற்றி வெளுத்த பட்டை, வெளியே தெரியாத வால், நரைத்தாற்போன்ற கரடுமுரடான மயிர், இவைதான் அடையாளம். அரையிருட்டில் சந்தேகம் வந்தால் சுடாதீர்கள்.

பன்றிக்குக் கண் மந்தம். மூக்கும் காதும் படுகூர்மை. காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் அன்றைய பொழுது போச்சு. சென்ட், வாசனை டியோடரண்ட், சிகரெட் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் மக்காச்சோளம் சிதறும் ஃபீடருக்கு எதிரே, பிளைண்ட் எனப்படும் மறைவுக் கூண்டில் உட்கார வைப்பார்கள். வரும்போது கூட்டமாக வரும், பெண்பன்றிகளும் குட்டிகளுமாக. முதலில் தலைகாட்டுவதைச் சுட்டுவிடக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள், ஒன்றன் பின்னால் இன்னொன்று நிற்காமல், பக்கவாட்டில் தனியாக ஒன்று திரும்பி நிற்கும். முன்னங்காலை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். மானைவிட இதற்கு இதயம் தாழ்வாக, முன்னால் இருக்கும். முதிர்ந்த ஆண்பன்றியின் தோளில் கெட்டியான குருத்தெலும்பு கவசம்போல் படர்ந்திருக்கும்; .243, .308 போன்ற தோட்டா அளவுள்ள ரைஃபிள்கள் அதற்குப் போதும். விழாமல் ஓடினால் உடனே புதருக்குள் பாயாதீர்கள். அரைமணி நேரம் கழித்து, வழிகாட்டியை முன்னால் விட்டுப் போங்கள். காயப்பட்ட ஆண்பன்றியின் கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும்.

காலம் என்று பார்த்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வசதி. பன்றிக்கு வியர்த்துக் குளிர வழியில்லாததால் கோடையில் பகலெல்லாம் சேற்றில் கிடந்துவிட்டு ராத்திரிதான் வெளியே வரும். உங்களுக்கும் உண்ணி, கொதிக்கும் வெயில், கிலுகிலுப்பைப் பாம்பு என்று தொல்லைகள். ராத்திரி வேட்டைக்குப் போவதாக இருந்தால் அந்தக் கவுன்டியின் (மாவட்டம் போன்றது) கேம் வார்டனுக்கு, அதாவது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரிக்கு, முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். இருட்டில் துப்பாக்கிச் சத்தமும் விளக்கும் கண்டால் யாராவது கள்ள வேட்டை என்று ஃபோன் போடுவார்கள்.

கறி வேண்டுமென்றால் நடுத்தரப் பெண்பன்றியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய ஆண்பன்றி படத்துக்கு நன்றாக இருக்கும், சட்டியில் நாற்றமடிக்கும். குடலை எடுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். காட்டுப்பன்றி ரத்தத்திலிருந்து புரூசெல்லா கிருமி வெட்டுக்காயம் வழியாக மனிதருக்குத் தொற்றும், அந்தக் காய்ச்சல் மாதக்கணக்கில் படுத்தும். ஐஸ் நிறைந்த பெரிய கூலர் பெட்டியைக் காரில் ஏற்றாமல் கிளம்பாதீர்கள். ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கிருமியும் புழுவும் செத்துவிடும் என்பது இந்தக் கறிக்குப் பொருந்தாது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தொடும் வரை வேக வேண்டும். குக்கரில் வைத்துவிட்டால் கவலையில்லை. அறுக்கும்போது கொழுப்பு நீலமாகத் தெரிந்தால் அந்தப் பன்றி விஷத்தீனி தின்றிருக்கிறது. அப்படியே போட்டுவிடுங்கள். பச்சைக் கறியை நண்பர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, இது காட்டுப்பன்றி, கழுவி நறுக்குபவரும் கையுறை போட வேண்டும் என்று கவரின் மேலேயே எழுதிவிடுங்கள்.