மார்வாரி கலப்புக் குதிரை: புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு தம்பி, ரேஸ் குதிரைக்கும் ராஜஸ்தானின் மார்வாரி இனப் பெட்டைக்கும் பிறந்த குட்டியைக் காட்டி, "உயரத்தப் பாருங்கண்ணா, அடுத்த வாரமே சேணம் போட்டுடலாம்" என்றார். 12 வருடத்துக்கு முன்னால் நான் பேசிய அதே பேச்சு. தண்ணீர், தடுப்பூசி பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

உயரத்தைப் பார்த்து வயதை முடிவு செய்வது

ஒன்றரை வயதிலேயே இந்தக் கலப்புக் குட்டிக்கு உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும், பார்க்கிறவனுக்கு முழுக் குதிரை மாதிரி நிற்கும். எலும்பு அப்படியில்லை. முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பு நுனியில் குருத்தாக இருக்கிற இடம் இறுகவே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முழுசாக முதிர 5 வயது தாண்ட வேண்டும், நாம் ஏறி உட்காருவதோ அந்த முதுகில்தான்.

நான் வாங்கிய செவலைக் குட்டிக்கு 3 வயது என்றார் விற்றவர். வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நடுவில் இருக்கிற பால் பற்கள் விழுந்து நிலைப்பல் முளைப்பது இரண்டரை வயதில், அதற்குப் பக்கத்துப் பல் மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான்கு மாதம் தார் ரோட்டில் ஓட்டினேன். ஒருநாள் காலையில் இடது முன்னங்காலை ஊன்றாமல் நின்றது, முட்டிக்கு மேலே சூடாக வீங்கியிருந்தது. கால்நடை மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன்னால் வாயைத்தான் திறந்தார். எல்லாம் பால் பல். 8 மாதம் கட்டிவைத்துப் பார்த்தோம், நடை வந்தது, பாய்ச்சல் வரவே இல்லை.

இதைச் சொன்னால் "எங்க தாத்தா ஒரு வயசுலயே ஏறினாரு" என்று பதில் வருகிறது. எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் குதிரை வலியை முதலில் வெளியே காட்டாது, நொண்ட ஆரம்பிக்கும்போது உள்ளே கெட்டுப்போயிருக்கும்.

3 வயது முடியும்வரை ஏறாதீர்கள். அதுவரை கையில் பிடித்து நடத்துங்கள், நாலு காலையும் தூக்கிக் கொடுக்கப் பழக்குங்கள், பஸ் சத்தத்துக்கு மிரளாமல் நிற்க வையுங்கள். அப்புறம் ஏறினாலும் முதல் வருடம் மண் தரைதான், கொஞ்ச நேரம்தான்.

தாயின் குளம்பு வந்திருக்கும் என்று நம்புவது

மார்வாரிக் குளம்பு கெட்டி. ரேஸ் குதிரைக்குப் பெரும்பாலும் குளம்புச் சுவரும் அடியும் மெல்லிசு. காது தாயைப் போல உள்ளே வளைந்திருக்கிறது என்பதற்காகக் குளம்பும் தாயுடையது என்று ஆகாது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவும்போது லாடம் அடிக்கிறவரிடமே கேளுங்கள்.

விலா எலும்பு தெரிகிறதென்று கொள்ளுப் பயறைக் கொட்டுவது

முதலில் புல்லைக் கூட்டுங்கள். கொள்ளுப் பயறை ஊறவைத்து, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக ஏற்றுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தால் உயிர் போகலாம்.

கோழித்தீவனம் போடுவது

கூடவே கூடாது. அதில் கலந்திருக்கக்கூடிய மொனென்சின் மருந்து குதிரையைக் கொன்றுவிடும்.

ராசிக்காக முடிச்சுழி பார்ப்பது

பாருங்கள், பல்லைப் பார்த்த பிறகு.