ஜப்பானில் வேலையை விட்டால் முதல் 20 நாள் முக்கியம்

வந்ததும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வீடு கிடைத்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரியைப் பதியுங்கள். கம்பெனி வேலை என்றால் மருத்துவக் காப்பீட்டை அவர்களே போட்டுவிடுவார்கள். இல்லையென்றால், மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் அதே ஆபீஸில் கொக்குஹோ என்னும் அரசுக் காப்பீட்டில் சேர வேண்டும். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று நம் ஊரில் தள்ளிப்போடுவது போல இங்கே முடியாது. 1961 முதல் எல்லோருக்கும் கட்டாயம். டாக்டரிடம் போனால் பில்லில் 30 சதவீதம் நம்முடையது.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். 41 வயதில் வேலையை விட்டேன். கம்பெனியில் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டார்கள், வேறு எதுவும் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாகப் போய்க் கொக்குஹோவில் சேர்ந்தேன். தபாலில் வந்த தொகை, சம்பளத்தில் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வருமானமே இல்லாத மாதத்தில்! கொக்குஹோ போன வருட வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கம்பெனி கட்டிவந்த பாதியும் இப்போது நம் தலையில். என்னை உலுக்கியது இன்னொன்று: அங்கே 'சார்ந்திருப்போர்' என்பதே கிடையாது. அதுவரை தனிக்கட்டணம் இல்லாமல் என் காப்பீட்டில் இருந்த மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று சேர்ந்துகொண்டது.

அந்தச் சீட்டில் தொகை மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒன்று நம் மருத்துவத்துக்கு. மற்றொன்று 75 வயதைத் தாண்டியவர்களின் மருத்துவத்துக்கு. மூன்றாவது முதியோர் பராமரிப்புக் காப்பீடு. 40 வயதில் தொடங்கும். 75 தாண்டியவர்களுக்கு 2008 முதல் தனிக் காப்பீடு. அதன் செலவைப் பத்துப் பங்காக வைத்தால் ஏறத்தாழ ஐந்து வரிப்பணம், நான்கு உழைக்கும் வயதினரின் காப்பீடுகள் தருவது, ஒன்றுதான் முதியவர்கள் கட்டுவது. நாட்டில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கட்டுகிற கைகள் குறைந்துகொண்டே வருவதால் அந்தச் சுமை ஏறத்தான் செய்யும். அடுத்த வீட்டுப் பாட்டி ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனக்குறை இல்லை. ஊரில் அம்மா ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ரொக்கம் எண்ணிக் கொடுப்பது நினைவுக்கு வரும்போதுதான் வலிக்கிறது.

வேலையை விட்ட 27ஆம் நாள் ஒரு தமிழ் நண்பர் கேட்டார்: "நின்இ கெய்சொகு போடலையா?" பழைய கம்பெனிக் காப்பீட்டையே இரண்டு வருடம் வரை நீட்டிக்கும் வழி அது. கம்பெனியின் பாதியையும் நாமே கட்ட வேண்டும். ஆனால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, குடும்பத்துக்குத் தனியாகக் கிடையாது. குறைந்தது இரண்டு மாதம் அந்தக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், விலகிய 20 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நான் ஒரு வாரம் தாமதம். எவ்வளவு கெஞ்சியும் பலன் இல்லை.

ஆகவே ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே வார்டு ஆபீஸில் கொக்குஹோ எவ்வளவு வரும் என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். முதல் வருடம் நின்இ கெய்சொகுவில் இருந்துவிட்டு, வருமானம் குறைந்த கணக்கு வந்ததும் கொக்குஹோவுக்கு மாறலாம். 2022 முதல் நாமே கேட்டு விலக முடியும். கம்பெனியே ஆளைக் குறைத்திருந்தால் கதை வேறு: வேலையின்மைக் காப்பீட்டுச் சான்றைக் காட்டினால் போன வருடச் சம்பளத்தில் 30 சதவீதத்தை மட்டும் வைத்துக் கொக்குஹோ கணக்கிடுவார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

அப்புறம், புது வேலை கிடைத்ததும் கொக்குஹோ தானாக நிற்காது. நீங்களே போய் விலகல் எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டு பக்கமும் பில் வரும்.