பொனான்சா ஓடையில் பொன் அரிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் யூகான் பகுதியில் டாசன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது பொனான்சா ஓடை. ஒவ்வொரு கோடையிலும் இங்கே புதியவர்கள் வருகிறார்கள். நாங்களெல்லாம் இடறிய கல்லிலேயே அவர்களும் இடறுகிறார்கள். பொன் அரிக்கும் தட்டை அவசரமாகச் சுழற்றுவது, தங்கத்தோடு அடியில் தங்கும் கனமான கருமணலை அள்ளிக் கொட்டிவிடுவது போன்றவற்றை நான் பேசப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். ஒரு பருவத்து உழைப்பையே விழுங்கிவிடும் பிழைகள் வேறு.

பாறை தட்டியதும் வேலையை முடிப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு குழுவினர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மேலே கிடந்த கருஞ்சேற்றை இயந்திரத்தால் அகற்றி, உறைந்த நிலம் இளகும்வரை காத்திருந்து, சரளை முழுவதையும் கழுவி முடித்தார்கள். அடியில் சிஸ்ட் பாறை தெரிந்ததும், "முடிந்தது, மூடிவிடலாம்" என்றார்கள். நான் குழிக்குள் இறங்கி, உளியால் பாறையை நெம்பி, இடுக்கில் இருந்த சாம்பல் நிறக் களியை ஒரு தட்டில் கரைத்துக் காட்டினேன். தட்டின் விளிம்பில் பொன்துகள்கள் வரிசையாக நின்றன. அதைப் பார்த்த பிறகும், இயந்திர வாடகை ஏறுகிறது என்று சொல்லி மறுநாளே மண்ணைத் தள்ளிக் குழியை நிரப்பிவிட்டார்கள்.

தங்கத்தின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, ஏறத்தாழ 19. குவார்ட்ஸ் மணலுக்கு அது 2.65தான். வெள்ளம் சரளையை அசைக்கும்போதெல்லாம் தங்கம் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் அதைத் தடுப்பது அடிப்பாறை. ஆனால் இங்குள்ள சிஸ்ட், கட்டவிழ்ந்த சுவடி போல ஏடு ஏடாகப் பிரியும் பாறை. தங்கம் அதன் மேற்பரப்பில் நிற்காமல் வெடிப்புகளுக்குள் நுழைந்துவிடுகிறது. அடிச்சரளையின் கடைசிச் சில அடிகளும் பாறையின் மேற்புறச் சில அடிகளும்தான் இந்த ஓடையின் கருவூலம்.

பழைய சுரங்கக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் விறகை எரித்து உறைநிலத்தை இளக்கி, கிணறுபோல் பாறைவரை இறங்கி, பிறகு பாறையை ஒட்டியே பக்கவாட்டில் குடைந்து போனார்கள். தோண்டியதை வெளியே குவித்துவைத்து, வசந்தத்தில் ஓடை உருகியதும் சாய்வான மரத்தொட்டிகளில் கழுவினார்கள். அத்தனை பாடும் பாறையைத் தொடுவதற்காகத்தான்.

எனவே பாறை தெரிந்ததும் வேகத்தைக் குறையுங்கள். ஏடுகளைக் கடப்பாறையால் பிரித்து, ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். களிக்கட்டிகளைக் கையால் கரைத்துவிடுங்கள். கரையாத கட்டி தொட்டியில் உருண்டு போகும்போது தங்கத்தையும் ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விடும். அடுத்தடுத்துப் பல தட்டுகள் வெறுமையாக வரும்வரை நிறுத்தாதீர்கள்.

களிமண் படுகையைப் பாறை என்று நம்புவது

கடப்பாறையை இறக்கிப் பாருங்கள். களிமண் என்றால் அது உள்ளே இறங்கிவிடும்; பாறை இன்னும் கீழே இருக்கிறது.

குன்றுகளை ஏறிட்டுப் பார்க்காதது

1896 ஆகஸ்டில் கீஷ் என்ற ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி, ஜார்ஜ் கார்மேக் ஆகியோர் இங்கே தங்கம் கண்டபின், ஓடையோரம் முழுவதையும் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். பிந்தி வந்தவர்கள் மறு ஆண்டு குன்றுச்சரிவில் தோண்டத் தொடங்கியபோது அனுபவசாலிகள் சிரித்தார்கள். செச்சாக்கோ குன்றில் கிடைத்த தங்கம் அவர்களின் சிரிப்பை அடக்கியது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தாக்கின் தரை இன்றைவிட உயரத்தில் இருந்தது. அன்றைய ஆற்றுப்படுகைதான் குன்றுகளில் வெளிறிய சரளையாக எஞ்சி நிற்கிறது. ஆறு அதை அறுத்துக் கீழே இறங்கியபோது, அதிலிருந்த தங்கத்தை மறுபடியும் கழுவி ஓடைக்கு இறக்கியது. பனியுகத்தில் பனித்தகடுகள் இந்த இடத்தை மூடிச் சுரண்டவில்லை என்பதால் அந்தப் படிவுகள் சிதறாமல் தப்பின. ஓடையில் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யும் முன், மேலே அந்தச் சரளை எங்கே அறுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தாய்ப்பாறையைத் துரத்துவது

தங்கம் பிறந்தது சிஸ்ட் பாறையில் ஓடும் குவார்ட்ஸ் நரம்புகளில். ஆனால் ஓடையில் கிடைத்ததற்கு ஈடான நரம்பு இன்றுவரை எவருக்கும் அகப்படவில்லை.

கழிவுக் குவியலை ஓடைப் படிவாக நினைப்பது

பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து கிடக்கும் கல்மேடுகள், நீரில் மிதந்தபடியே படுகையைத் தோண்டிச் சலித்த மிதவை அகழ்வு இயந்திரங்கள் துப்பியவை. 1913இல் வேலையைத் தொடங்கிய நான்காம் எண் இயந்திரத்தை இன்றும் பார்க்கலாம். அவை சலித்த நுண்மணலை அடியில் விட்டு, பருங்கற்களை அதன்மேல் கொட்டின. இயற்கையான அடுக்கு அங்கே கலைந்துவிட்டது. "ஆழம் போனால் கிடைக்கும்" என்ற விதி அங்கே செல்லாது.

மின்னுவதையெல்லாம் பொறுக்குவது

ஊசிமுனையால் அழுத்துங்கள். தங்கம்போல் மின்னும் பைரைட் கனிமம் நொறுங்கும், மைக்கா என்ற அபிரகம் ஏடாக உரியும், தங்கம் வளையும்.

கேட்காமல் தட்டை நனைப்பது

ஓடை நெடுகிலும் உரிமையுள்ள நிலங்கள் இருக்கின்றன. பொதுமக்கள் இலவசமாக அரிப்பதற்கென்று 6ஆம் எண் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள்.