வெளிச்சத்திலிருந்து வீட்டைத் திட்டமிடுவது எப்படி?

நவீனத்துவ வீட்டைத் திட்டமிடுபவர் அறைகளின் பட்டியலை எழுதும் முன்பே வெளிச்சத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். இடப்பகிர்வும் பொருள்தேர்வும் அதன் பிறகு வரவேண்டியவை. ஆண்டின் மிக நீண்ட பகலிலும் மிகக் குறுகிய பகலிலும் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த உயரத்தில் வருகிறது என்பதை மனையின் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுக்கும். தாழ்ந்து வரும் மேற்கு வெயிலுக்குச் செங்குத்தான தடுப்புகளே பயன்படும்.

ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழம் வரைதான் பகல் வெளிச்சம் போதுமான அளவில் உள்ளே செல்லும். லிண்டல் (ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் விட்டம்) 2.1 மீட்டர் உயரத்தில் இருக்கும் அறை 6 மீட்டர் ஆழமாக இருந்தால் பின்பகுதி மங்கிவிடும். அங்கே ஜன்னலை அகலப்படுத்துவதைவிட உயர்த்துவதே பலன் தரும். எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு அமைந்தால் கண்கூச்சமும் குறையும்.

காட்சி, காற்று, வெளிச்சம் ஆகிய மூன்றையும் ஒரே ஜன்னலிடம் ஒப்படைக்காதீர்கள். பிலடெல்பியாவில் 1961இல் முடிந்த எஷரிக் இல்லத்தில் கட்டடக்கலைஞர் லூயி கான் வெளிச்சத்துக்கும் காட்சிக்கும் திறக்க முடியாத கண்ணாடிகளைப் பதித்து, காற்றுக்கு மரக்கதவுகளைத் தனியே வைத்தார். அந்தக் கதவுகளைத் திறந்து மூடும்போதெல்லாம் அறையின் வெளிச்சமும் மாறுகிறது. ஜன்னல் அமைப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடத்தை வேறெந்த வீட்டிலும் நான் கண்டதில்லை.

சுமையைத் தூண்கள் ஏற்றுக்கொண்டால் சுவர்களை விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். சமையலறை, குளியலறை, குழாய்கள் ஆகியவற்றை ஒரே மையத்தில் திரட்டிவிட்டு மற்ற இடத்தைத் திறந்து விடுங்கள். 1951இல் முடிந்த அமெரிக்காவின் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லத்தில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ இதைத்தான் செய்தார். ஆனால் நான்கு புறமும் கண்ணாடியாலான அந்த வீடு கோடையில் கடுமையாகச் சூடேறியது. அதன் திறந்த இடத்தைப் பின்பற்றுபவர்கள் நிழலையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று தரை. உள்ளே பதித்த அதே டிராவர்டைன் கல் வெளித்திண்ணையிலும் சரிவில்லாமல் விரிகிறது; மழைநீர் கல்லின் இணைப்பு இடுக்குகள் வழியே அடியிலுள்ள சரளைக்குள் இறங்கி வடிந்துவிடுகிறது. உள்ளும் வெளியும் ஒன்றாகத் தோன்றுவதற்கு இத்தகைய மறைவான வேலைதான் காரணம்.

பொருள்களை மூன்றுக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஜன்னலை ஒட்டிய சுவரில் வெளிச்சம் சாய்வாக உரசிச் செல்வதால் வழவழப்பான பூச்சின் சிறு மேடுபள்ளமும் தெரிந்துவிடும். அங்கே செங்கல்லோ சொரசொரப்பான கல்லோ பொருந்தும். கான்கிரீட்டைப் பூசாமல் விடுவதானால் அதை வார்க்க அச்சாக நிறுத்தும் சென்ட்ரிங் பலகைகளின் இணைப்புக் கோடுகள் எங்கே விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே வரைந்து கொடுங்கள். வார்த்த பிறகு அதைத் திருத்த வழியில்லை. எந்தப் பொருளானாலும் ஒரு சதுர மீட்டர் மாதிரியை, அது அமையப்போகும் இடத்திலேயே, அதே திசையைப் பார்த்து நிறுத்தி, காலையிலும் மாலையிலும் நனைந்த நிலையிலும் பார்த்த பின்பே முடிவு செய்யுங்கள்.