பூனைக் கதவு வாங்கும்முன், வெட்டும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர்கள் வீடுகளில் பூனை வளர்ப்பது இப்போது சகஜமாகிவிட்டது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று குட்டியாக வரும். சில மாதங்களில் பின்கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தத் தொடங்கும். விடியற்காலையில் எழுந்து எழுந்து கதவு திறந்து அலுத்துப்போனவர்கள், ஒருநாள் இணையத்தில் ஒரு கேட் ஃபிளாப்பை, அதாவது பூனை தானே தள்ளிக்கொண்டு போய்வரும் சிறு கதவை, ஆர்டர் செய்துவிடுவார்கள். பெட்டி வந்தபிறகுதான் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். முக்கால்வாசிப் பிரச்சினைகள் இந்த வரிசையில்தான் தொடங்குகின்றன. முதலில் பார்க்க வேண்டியது எதில் வெட்டப்போகிறோம் என்பதை. அடுத்தது பூனையை. கடைக்குப் போவது அதற்கப்புறம்தான். தவறான பொருளைத் திருப்பி அனுப்பலாம், தவறான இடத்தில் போட்ட ஓட்டையைத் திருப்பி அனுப்ப முடியாது.

கதவு எதனால் ஆனது?

பிரிட்டனில் பெரும்பாலான பின்கதவுகள் வெள்ளை யுபிவிசி, அதாவது கெட்டியான பிளாஸ்டிக். கீழ்ப்பாதியில் பேனல் இருந்தால் நல்ல அதிர்ஷ்டம், வெட்டுவதற்கு அதைவிட எளிதான இடம் இல்லை. ஆனால் அந்தப் பேனல் வெளியே தெரிகிற அளவுக்குத் திடமானதல்ல. பெரும்பாலும் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு, நடுவில் ஃபோம், அவ்வளவுதான். ஜிக்சா என்ற மின்ரம்பத்தை ஓட்டினால் வெள்ளைத் துகள்கள் கையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், தட்டினாலும் போகாது. பக்கத்திலேயே வாக்யூம் கிளீனரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் சறுக்குவது வெட்டும்போது அல்ல, திருகும்போது. ஃபிளாப்பின் உள்சட்டமும் வெளிச்சட்டமும் பேனலை நடுவில் வைத்துக் கவ்வுகின்றன. பலமாக இருக்கட்டும் என்று திருகாணியை முறுக்கினால், நடுவில் எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால் தகடு உள்ளே அமுங்கும், அதோடு சட்டமும் வளையும். சட்டம் வளைந்தால் ஃபிளாப்பின் கீழ்விளிம்பு உரசும். பூனை தள்ளினால் பாதியில் நிற்கும், காற்றடித்தால் மூடாமல் தொங்கும். பொருள் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள், அதற்குமுன் அந்த நாலு திருகாணிகளை அரைச் சுற்று தளர்த்திப் பார்க்கலாம். சட்டம் அசையாமல் நின்றால் போதும், அதற்குமேல் இறுக்கம் தேவையில்லை.

இந்தப் பேனலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: அதைப் பிடித்திருக்கும் ஓரத்துப் பட்டையை (பீடிங்) எடுத்தால் அது தனியாகக் கழன்றுவிடும். அதனால் வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, அதே அளவில் புதுப் பேனல் வாங்கி அதில் வெட்டலாம். பழைய பேனலைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டைக் காலி செய்யும்போது மாட்டிக் கொடுத்துவிடலாம். ‘பூனை வளர்க்கலாம்’ என்ற அனுமதி ‘கதவை வெட்டலாம்’ என்ற அனுமதி ஆகாது, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பேனலைச் சுற்றியுள்ள சட்டத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். உள்ளே இரும்பு இருக்கும், பூட்டு வேலை செய்யும் பாகங்களும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன.

கண்ணாடிக் கதவு வேறு கதை. கதவுகளில் தாழ்வாக உள்ள கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள கட்டட விதி. பெரும்பாலும் அது சூடாக்கி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடி. அதை வெட்டவே முடியாது, துளை போட முயன்றால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும். டபுள் கிளேசிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது, ஆகவே இருக்கிற கண்ணாடியில் ஓட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. துளையோடு சேர்த்தே தொழிற்சாலையில் புதிதாகச் செய்து வர வேண்டும். அந்தச் செலவு பூனைக் கதவின் விலையைவிடக் கூடுதலாக வரும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். துளையின் விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே ஃபிளாப்பை முடிவு செய்தபிறகே கண்ணாடியை ஆர்டர் செய்ய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தவர்களிடம் அழகான வட்டத் துளையோடு ஒரு கண்ணாடியும், அதில் பொருந்தாத ஒரு ஃபிளாப்பும் இருக்கும்.

பல பொருள்களை அடுக்கிச் செய்த காம்போசிட் கதவை வெட்டினால் அதன் உத்தரவாதம் போய்விடும் வாய்ப்பு அதிகம். காகிதங்களை ஒருமுறை படித்துவிடுங்கள். மரக்கதவு எளிது, ஆனால் 1960-களுக்கு முந்திய வீடு என்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், முகக்கவசம் இல்லாமல் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். வெட்டிய விளிம்பில் பூச்சில்லாத மரம் தெரியும். அதற்குப் பெயின்ட் பூசாமல் சட்டத்தை மாட்டிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொது நடைபாதைக்குத் திறக்கும் வாசல்கதவு தீத்தடுப்புக் கதவு. கராஜிலிருந்து நேராக வீட்டுக்குள் வரும் கதவும் பெரும்பாலும் அப்படித்தான். புகையையும் நெருப்பையும் அரைமணி நேரம் தடுத்து நிறுத்தவே அதை மாட்டியிருக்கிறார்கள். அதில் ஓட்டை போட்டால் உங்கள் குடும்பத்தோடு பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் உயிரையும் பணயம் வைக்கிறீர்கள். இங்கிலாந்தில் 11 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் ஃபிளாட் வாசல்கதவுகளை ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பூனைக்காகக் கூட இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சுவரில் போடுவதும் ஒரு வழிதான். ஆனால் இங்கே வெளிச்சுவர் பெரும்பாலும் இரண்டு அடுக்கு, நடுவில் இடைவெளி. ஓட்டையின் உட்பக்கம் முழுக்கக் குழாய்போல அடைக்காவிட்டால் ஈரம் அந்த இடைவெளிக்குள் இறங்கும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது, தரைக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். இதைக் கொத்தனாரிடம் விட்டுவிடுவது நல்லது.

எந்த வகை?

எக்ஸிட்டர் நகரத்து தேவாலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது. ஆயரின் பூனை போய்வருவதற்காக 1598-இல் அதை வெட்டிய தச்சர்களுக்கு 8 பென்ஸ் கொடுத்ததாகத் தேவாலயக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் கதவு என்பதால் அதற்கு வெறும் ஓட்டை போதும். தோட்டத்துக்குத் திறக்கும் கதவில் அது போதாது. நம் பூனை வர வேண்டும், குளிர்காற்று வரக்கூடாது, பக்கத்து வீட்டுப் பூனையும் வரக்கூடாது.

பூட்டு மட்டும் உள்ள சாதாரண வகை 20 பவுண்டுக்கே கிடைக்கும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கிற தெருவில் அதை வாங்குவது பெரும்பாலும் வீண். தெருவில் உள்ள முரட்டுக் கடுவன் முதல் வாரத்திலேயே உள்ளே வந்து தட்டைக் காலி செய்யும். அதைவிட மோசம், தன் வீட்டுக்குள்ளேயே பயந்து வாழும் நிலைமை உங்கள் பூனைக்கு வரும். படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கிய பூனையை ‘கெட்டுப்போச்சு’ என்று திட்டுகிறவர்கள், இரவில் யார் உள்ளே வந்துபோகிறார்கள் என்று ஒருதரம் பார்க்க வேண்டும்.

காந்தக் கழுத்துப்பட்டை வகையில், எந்தப் பூனையின் கழுத்தில் காந்தம் இருந்தாலும் கதவு திறக்க வாய்ப்புண்டு. பட்டை கழன்று தொலைந்தால் உங்கள் பூனையே மழையில் வெளியே நிற்கும். கழலாத பட்டையைக் கட்டுவதோ அதைவிட ஆபத்து, வேலியிலோ கிளையிலோ மாட்டினால் பூனை தொங்கிவிடும்.

என் வாக்கு, பூனையின் தோலுக்கடியில் போடும் அடையாள எண் சிப்பைப் படித்துத் திறக்கும் மைக்ரோசிப் வகைக்குத்தான். 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வார வயதுக்குள் சிப் போட வேண்டும் என்பது சட்டம், தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். எப்படியும் போடப்போகிற சிப்தான் கதவுக்கும் சாவி. விலை 60 பவுண்டிலிருந்து 100-க்கு மேலும் போகும். ஆனால் வாங்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, பல மாடல்கள் உள்ளே வரும்போது மட்டுமே சிப்பைப் படிக்கும், வெளியே போக யாருக்கும் தடையில்லை. ஒரு பூனை வெளியே போகலாம், நோய்வாய்ப்பட்ட இன்னொன்று போகக்கூடாது என்றால் இரண்டு பக்கமும் படிக்கும் மாடல் வேண்டும். இன்னொன்று, சிப் எப்போதும் போட்ட இடத்திலேயே இருக்காது. தோள்பட்டை நடுவில் போட்டது சில பூனைகளுக்கு நகர்ந்து மார்புப்பக்கம் இறங்கிவிடும். அப்படியானால் மேலிருந்து படிக்கும் சென்சாருக்கு அது எட்டாது. கால்நடை மருத்துவரிடம் அடுத்தமுறை போகும்போது சிப் எங்கே இருக்கிறது, எத்தனை இலக்க எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது போடுவது 15 இலக்கம், பழைய வகைகளைச் சில ஃபிளாப்புகள் படிக்காது. உலோகக் கதவென்றால் சென்சாரின் எட்டும் தூரம் குறையும், அதற்குத் தனியாகத் துணைச்சட்டம் விற்கிறார்கள். ரீசார்ஜ் பேட்டரியும் வேண்டாம், அதன் வோல்ட் குறைவு. நல்ல ஆல்கலைன் பேட்டரியே போடுங்கள்.

உயரமும் இடமும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பூனை சாதாரணமாக நிற்கும்போது வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஃபிளாப்பின் கீழ்விளிம்பு அங்கே வர வேண்டும். வளர்ந்த பூனைக்குச் சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர். குட்டியை அளந்து வெட்டாதீர்கள், அது வளரும். மெய்ன் கூன் மாதிரிப் பெரிய இனமென்றால் தோள் அகலத்தையும் அளந்து பெரிய அளவு வாங்குங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அந்தப் பெரிய ஃபிளாப்பைப் பற்றி இன்னொருமுறை யோசியுங்கள்.

உள்ளே மட்டும் அளந்துவிட்டு வெளியே மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. தோட்டத்துத் தரை வீட்டுத் தரையைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும். உள்ளே 12 சென்டிமீட்டர் என்றால் வெளியே அது 30-ஐத் தொடும். இளம் பூனை குதித்துவிடும், மூட்டுவலி வந்த கிழப்பூனை திண்டாடும். வெளியே ஆடாத ஒரு கல் பலகையைப் போட்டால் தீர்ந்தது.

உள்ளே எந்த இடம் என்பதும் முக்கியம். ஃபிளாப்புக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுத் தட்டையும் மலத்தட்டையும் வைக்காதீர்கள். சாப்பாட்டு வாசனை வெளியே உள்ள பூனைகளைக் கூப்பிடும், எதிரி நுழையக்கூடிய வழிக்குப் பக்கத்தில் நம் பூனையும் நிம்மதியாகச் சாப்பிடாது. வெளிப்பக்கம் மொட்டைவெளியாக இருந்தால் பூனை தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பெரிய செடித்தொட்டிகளை வைத்தால், மறைவில் நின்று நோட்டம் பார்த்துவிட்டுப் போகும்.

திருட்டுப் பயம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டியது ஃபிளாப் வழியாக ஆள் நுழைவதற்கு அல்ல, குச்சியோ கையோ நுழைந்து சாவியை எடுப்பதற்கு. பூட்டிலோ பக்கத்து ஆணியிலோ சாவியை விட்டுவைக்காதீர்கள்.

வெட்டும் நாள்

பெட்டியோடு வரும் அளவுத்தாளை ஒட்டியதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சற்றே சாய்ந்தாலும் ஃபிளாப் தானாக நடுவுக்குத் திரும்பாது. கதவின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட்டால் ஜிக்சாவின் அடித்தகடு கீறாது. நாலு மூலையிலும் பிளேடு நுழையும் அளவுக்கு டிரில் போட்டு, அங்கிருந்து அறுக்க வேண்டும். சட்டத்தை மாட்டியபிறகு வெளிப்பக்க விளிம்பில் சிலிக்கான் பூசாமல் விடுவதுதான் கடைசி நேரத்து மறதி. மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். இந்த வேலையெல்லாம் நடக்கும்போது பூனையை வேறு அறையில் அடைத்துவையுங்கள். அந்தச் சத்தத்தையும் இந்தக் கதவையும் அது சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால் பழக்குவது இரட்டிப்பு வேலை.

பழக்கும்போது

கருத்தடை ஆகாத பூனைக்கு ஃபிளாப்பைத் திறந்துவிடாதீர்கள். பெண் பூனை நாலு மாத வயதிலேயே சினையாகலாம்.

பூனையைப் பிடித்துத் தலையை வைத்து உள்ளே தள்ளுவதைப்போல் மோசமான வழி இல்லை. முதலில் ஃபிளாப்பை டேப் ஒட்டி முழுதாகத் தூக்கி நிறுத்துங்கள். நீங்கள் மறுபக்கம் உட்கார்ந்து பிடித்த தின்பண்டத்தைக் காட்டுங்கள். பூனை முதலில் விளிம்பை மோந்து பார்க்கும், மீசை இரண்டு பக்கமும் படுகிறதா என்று கழுத்தை மெல்ல நீட்டும், முன்கால் ஒன்றை வைத்துவிட்டு அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள், தொடாதீர்கள். தானாகப் போய்வரப் பழகியதும் பாதி இறக்கி நிறுத்துங்கள், பிறகு முழுதாக விடுங்கள். சிப் வகையில் பூட்டு ‘டக்’ என்று சத்தம் போடும், சில பூனைகள் அதற்கே ஒரு வாரம் முறைக்கும். வெறும் கதவாகப் பழகியபிறகு பூட்டைச் செயல்படுத்தலாம். புது வீட்டுக்கு வந்த பூனையென்றால் முதல் மூன்று வாரமாவது ஃபிளாப் பூட்டியே இருக்கட்டும், இல்லையென்றால் பழைய தெருவைத் தேடிப் போய்விடும்.

நேரம் வைத்துப் பூட்டும் வசதியுள்ள மாடல் வாங்கியிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பொழுதுசாயும் நேரத்தில் இரவுச் சாப்பாட்டை வைத்தால் பூனை தானாக உள்ளே வரும், அப்புறம் விடியும்வரை வெளிவழி அடைபட்டிருக்கும். இரவுச் சாலையில் கார்களிடமிருந்தும் காப்பாற்றலாம், தோட்டத்துப் பறவைகளுக்கும் விடியலில் கொஞ்சம் நிம்மதி. ஃபிளாப்பின் அடியில் உள்ள காந்தப் பட்டையில் இரும்புத்துகளும் முடியும் சேரும், மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் சரியாக மூடும். வீடோ தொலைபேசி எண்ணோ மாறினால் சிப் பதிவில் உள்ள விவரங்களையும் மாற்றுங்கள். கதவு பூனையை அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் தொலைந்த பூனையைக் கண்டெடுத்தவர் உங்களைக் கண்டுபிடிக்க அந்தப் பதிவு ஒன்றுதான் வழி.